சுக்கான் யார் கையில்?

போன ஆடியில் மாமாவைச் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு விமானத்தில் கூட்டி வந்தேன். கண்புரை ஆபரேஷன் முடிந்து கருப்புக் கண்ணாடி போட்டிருந்தார். ரயிலில் ராத்திரி முழுக்கக் குலுங்கிக்கொண்டு வர வேண்டாம் என்று அத்தைதான் பிளேன் டிக்கெட் போடச் சொன்னார். மாமாவுக்கு அது முதல் விமானப் பயணம். ஆனால் பயணம் புதிதில்லை. பாய் மட்டும் கட்டிய தோணிகள் ஓடிய காலத்தில் கடலுக்குப் போக ஆரம்பித்து, கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு கொண்டுபோய், தோணிக்கு என்ஜின் வந்த பிறகு தண்டலாக இருந்து ஓய்வு பெற்றவர். தண்டல் என்றால் தோணியின் தலைவர். சரக்கு, ஆள், காற்று, திசை எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு.

விமானம் கடல் பக்கமிருந்து ஊருக்குத் திரும்பியது. கீழே துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள், அப்புறம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், அப்புறம் வெள்ளைக் கட்டம் போட்ட உப்பளங்கள். கண்ணாடிக்குள் கண்ணை மூடிக்கொண்டிருந்த மாமா என் பக்கம் சாய்ந்தார்.

“ஏ மருமவனே, இத இப்ப யாரு ஓட்டுதா? ஆளா, மிசினா?”

“இவ்வளவு நேரம் மிசின்தான் மாமா. இறங்கும்போது பைலட்டு கைக்கு எடுத்துக்கிடுவாரு.”

“எப்ப எடுப்பாரு?”

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆடிக் காற்றில் விமானம் ஒரு தடவை தூக்கிப் போட்டது. கொஞ்ச நேரம் கழித்து மாமாவே சொன்னார்: “இப்ப கைக்கு வந்துட்டு.” எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். “ஆட்டம் மாறிட்டுல்லா” என்றார். அவர் சொன்னது சரிதானா என்று சரிபார்க்க வழியில்லை. ஆனால் ‘எப்ப எடுப்பாரு’ என்ற கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது. அதைத் துருவிப் போனால் அது ஒரு பட்டனைப் பற்றிய கேள்வியாக இல்லை. நூறு வருசத்துக்கு மேலான ஒரு கதையாக இருந்தது. அந்தக் கதை கடலில்தான் தொடங்குகிறது.

*

பைலட் என்றால் இன்று நமக்கு விமானம் ஓட்டுபவர். தூத்துக்குடியில் துறைமுகத்தை ஒட்டி வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் முதல் பொருள் வேறு. வெளிக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்குச் சிறு படகில் போய், நூலேணியில் ஏறி, அதை உள்ளே கொண்டுவந்து கட்டுபவர்தான் பைலட். சொல்லின் வேரும் கடலில்தான் இருக்கிறது. கிரேக்க மொழியில் திசை திருப்பும் துடுப்பைக் குறித்த சொல்லிலிருந்து இத்தாலி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. விமானம் வந்தபோது அந்தப் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

நம்மிடம் இதற்கு இன்னும் பழைய சொற்கள் உண்டு. மீகாமன் என்பது ஒன்று. நீகான் என்பது மற்றொன்று. அகநானூற்றின் 255ஆம் பாட்டில் கரையில் எரியும் மாடத்து விளக்கைப் பார்த்துக் கலத்தைச் செலுத்துபவன் பெயர் அது. பிறகு அரபு வணிகர்களோடு மாலுமி வந்தான். அரபியில் முஅல்லிம் என்றால் ஆசிரியர், வழி தெரிந்தவர். சுக்கானும் அரபுச் சொல்தான். கப்பலைத் திருப்புகிற கட்டைக்கும் அதைப் பிடிக்கிற ஆளுக்கும் இந்தக் கரை எத்தனை மொழியிலிருந்து பெயர் வாங்கியிருக்கிறது என்று பார்த்தாலே, ‘சுக்கான் யார் கையில்’ என்பது இங்கே எவ்வளவு பழைய கேள்வி என்று புரியும்.

தானாக ஓட்டும் கருவியும் கப்பலின் பிள்ளைதான். சுற்றுகிற பம்பரம் லேசில் சாயாது. தன் அச்சை விட்டுக்கொடுக்காது. அமெரிக்கப் பொறியாளர் எல்மர் ஸ்பெரி இந்தக் குணத்தைக் கப்பலுக்குப் பயன்படுத்தினார். அலையில் கப்பல் உருளுவதைக் குறைக்க ஒரு பெரிய பம்பரம், வடக்கைக் காட்ட இன்னொரு பம்பரம். 1911இல் அவருடைய பம்பரத் திசைகாட்டி டெலாவேர் என்ற போர்க்கப்பலில் சோதித்துப் பார்க்கப்பட்டது. அவர் மகன் லாரன்ஸ் அதே பம்பரத்தைச் சிறியதாக்கி விமானத்துக்குள் வைத்தார். 1914 ஜூனில் பாரிசுக்குப் பக்கத்தில் சேன் நதிக்கு மேலே, கூடியிருந்தவர்கள் பார்க்க, 21 வயது லாரன்ஸ் ஸ்பெரி இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினார். கூட வந்த மெக்கானிக் இறக்கை மீது நடந்து போனார். விமானம் ஒரு பக்கம் சாயப் பார்த்தது, தானே நிமிர்ந்துகொண்டது. 50,000 பிராங்க் பரிசு கிடைத்தது.

1920களில் அந்த வித்தை மறுபடி கப்பலுக்குத் திரும்பியது. திசையைச் சொல்லிவிட்டால் தானே சுக்கானைப் பிடித்துக்கொள்ளும் அந்தக் கருவிக்கு மாலுமிகள் ‘மெட்டல் மைக்’ என்று செல்லப்பெயர் வைத்தார்கள். தூங்காத, சம்பளம் கேட்காத, சலிப்பே வராத ஒரு கையாள். ஆனால் அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சொன்ன திசையில் போவது. கரை எங்கே, பாறை எங்கே என்பது அவனுக்குத் தெரியாது.

*

சரி, மாமாவின் கேள்விக்கு வருவோம். விமானி எப்போது கைக்கு எடுக்கிறார்?

எல்லோருக்கும் பொருந்துகிற ஓர் உயரம் கிடையாது. விமான வகை, ஓடுபாதை, வானிலை, நிறுவனத்தின் விதி என்று பலதும் சேர்ந்து முடிவு செய்கின்றன. வானம் தெளிவாக இருக்கும் நாளில் பெரிய ஜெட் விமானங்களில் பெரும்பாலும் 1000 அடிக்கும் 500 அடிக்கும் இடையில் எடுப்பார்கள். சிலர் பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று இன்னும் மேலேயே எடுத்துவிடுவார்கள். மேகம் தாழ்ந்திருந்தால் ஓடுபாதை விளக்கு கண்ணில் படும்வரை கருவி ஓட்டும். குறிப்பிட்ட உயரத்துக்குள் விளக்கு தெரியாவிட்டால் இறங்கக் கூடாது, மேலே ஏறிவிட வேண்டும். வழக்கமான சரிவில் 1000 அடியில் இருக்கும் ஒரு ஜெட், தரையைத் தொட ஒன்றரை நிமிடம் போல ஆகும். 500 அடியில் எடுத்தால் முக்கால் நிமிடத்துக்கும் குறைவு.

எடுப்பது எளிது. பிடியில் உள்ள ஒரு பட்டனைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். உடனே ஓர் எச்சரிக்கை ஒலி எழும். விமானியே வேண்டுமென்று அணைத்திருந்தாலும் எழும். இன்னொரு முறை அழுத்தினால்தான் நிற்கும். கருவி விட்டுவிட்டது என்பதை விமானி அறைக்குள் இருக்கும் இருவருமே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. இந்த ஒலியின் அருமை கொஞ்சம் பொறுத்துத் தெரியும்.

‘அப்படியென்றால் விமானம் தானாகவே தரையிறங்காதா?’ என்று கேட்கலாம். இறங்கும், அறுபது வருசமாக இறங்குகிறது. அதற்குக் காரணம் லண்டனின் பனிப்புகை. குளிர்காலத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பிப் போய்க்கொண்டிருந்த ஊர் அது. கண் தெரியாமல் இறங்குவது எப்படி என்று ஆராய 1945இலேயே பிரிட்டன் ஒரு தனி அமைப்பைத் தொடங்கியது. 1965 ஜூன் 10 அன்று பாரிசிலிருந்து லண்டன் வந்த ஒரு டிரைடன்ட் விமானம், பயணிகளோடு, கடைசியில் மூக்கைத் தூக்கித் தரையைத் தொடும் வேலையைக் கருவியிடமே விட்டது. பயணிகள் சேவையில் அதுதான் முதல் தடவை. அடுத்த ஆண்டே உண்மையான பனிமூட்டத்திலும் இறக்கிக் காட்டினார்கள். இன்று டிசம்பர், ஜனவரியில் டெல்லியில் அடர்பனிக்குள் விமானங்கள் இறங்குவது இந்த வரிசையில்தான்.

தானாக இறங்குவதற்கு விமானம் மட்டும் போதாது. ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும் ஒரு ரேடியோக் கற்றையும், இறங்க வேண்டிய சரிவைக் காட்டும் இன்னொரு கற்றையும் தரையிலிருந்து வர வேண்டும். அந்தக் கற்றைக்கு நடுவே எதுவும் குறுக்கே போகக் கூடாது. 2011 நவம்பர் 3 அன்று மியூனிக்கில் ஒரு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போயிங் 777 தானாக இறங்கியபோது, முன்னால் புறப்பட்டுப் போன இன்னொரு விமானம் கற்றையைக் கலைத்துவிட்டது. பொய்க் கோட்டை நம்பிய பெரிய விமானம் ஓடுபாதையை விட்டுப் புல்லுக்குள் போனது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

இன்னொரு விஷயம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. காற்று பலமாக அடித்தால் கருவிதான் கெட்டிக்காரத்தனமாகச் சமாளிக்கும் என்று நினைத்திருந்தேன். நேர்மாறு. ஏர்பஸ் 320இல் தானாக இறங்குவதற்குப் பக்கக்காற்றின் வரம்பு மணிக்கு சுமார் 37 கிலோமீட்டர். அதே விமானத்தைக் கையால் இறக்கி சுமார் 70 கிலோமீட்டர் காற்று வரை சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆக, கண் தெரியாதபோது மிசின். காற்று கோணலாக அடிக்கும்போது கை.

*

இந்தக் கணக்கில் தூத்துக்குடி எந்தப் பக்கம் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே பனிமூட்டம் பெரிய பிரச்சினை கிடையாது. பிரச்சினை காற்றுதான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து, முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்றாலைகளைச் சுற்றிவிட்டு, வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று இந்தச் சமவெளியைப் போட்டு உலுக்கும். மத்தியானம் கடல்காற்றும் சேர்ந்துகொள்ளும்.

வாகைக்குளத்தில் விமான நிலையம் 1992இல் திறக்கப்பட்டது. ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. நீளம் 1350 மீட்டர்தான். பெரிய ஜெட்டுகளுக்கு அது காணாது. ஆகவே ஏடிஆர், கியூ400 போன்ற விசிறி வைத்த விமானங்கள்தான் வந்தன. இந்த வகை விமானங்களில் தானாகத் தரையிறங்கும் வசதியே இல்லை. ஜெட்டுகளில் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவி உண்டே, அதுவும் இவற்றில் கிடையாது. பாதி வழி கருவி பிடித்து வந்தாலும் என்ஜின் விசைப்பிடி ஆரம்பம் முதலே விமானியின் கையில்தான்.

அதாவது, முப்பது வருசத்துக்கு மேலாக இந்த ஓடுபாதையில் இறங்கிய பயணிகள் விமானங்களை யாரோ ஒருவர் கையால் இறக்கியிருக்கிறார். கச்சான் காற்றில் மூக்கைக் கொஞ்சம் காற்றுக்குத் திருப்பி, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் வந்து, கடைசி நொடியில் நேராக்கி, ‘தொம்’ என்று வைத்திருக்கிறார். அந்தத் ‘தொம்’முக்காக நாம் முகம் சுளித்திருப்போம். ஆனால் குட்டை ஓடுபாதையில் மெத்தென்று இறக்க நினைத்து மிதந்துகொண்டே போனால், பிரேக் பிடிக்க இடம் மிஞ்சாது. உறுதியாக வைப்பதுதான் அங்கே நல்ல வேலை.

*

இதுவரை படித்தால் ‘மிசினை விடக் கைதான் உசத்தி’ என்று நான் சொல்ல வருவதாகத் தோன்றும். அப்படிச் சொன்னால் பொய். கையால் இறக்கி மோசம் போன கதைகள் ஏராளம். 2010 மே 22 அன்று மங்களூரில் 158 பேர் இறந்தார்கள். தேவையை விட மிக உயரத்தில் ஓடுபாதையை நெருங்கிய விமானத்தை, மேலே ஏறிவிடலாம் என்று துணை விமானி வற்புறுத்தியும், தலைமை விமானி இறக்கியே தீர்ந்தார் என்று விசாரணை சொன்னது. கையில் எடுத்ததைத் திரும்பவும் மேலே கொண்டுபோகும் மனசு இல்லாவிட்டால் கையால் பிரயோசனம் இல்லை.

விபத்துக் கதைகளை அடுக்கி வைத்துப் பார்த்தபோது எனக்குப் பட்டது வேறு. கை பிடித்திருக்கும்போதும் சமாளிக்கலாம், கருவி பிடித்திருக்கும்போதும் சமாளிக்கலாம். யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியாத அந்த இடைவெளிதான் ஆளைக் கொல்கிறது.

கடலில் இதற்குப் பெரிய சாட்சி டோரி கேன்யன். 1967 மார்ச் 18, இங்கிலாந்தின் தென்மேற்கு முனை. ஏறக்குறைய 1,20,000 டன் கச்சா எண்ணெயோடு வந்த கப்பல். முன்னால் பாறைத்திட்டு தெரிந்ததும் கேப்டன் கப்பலைத் திருப்பப் பார்த்தார். சக்கரம் சுற்றியது, கப்பல் திரும்பவில்லை. கையால் ஓட்டுவதா, கருவி ஓட்டுவதா என்று மாற்றும் நெம்புகோல் தவறான நிலையில் கிடந்தது. சக்கரத்துக்கும் சுக்கானுக்கும் தொடர்பே இல்லை. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதற்குள் நேரம் தீர்ந்துவிட்டது. எண்ணெய் இங்கிலாந்து, பிரான்ஸ் கரைகளில் போய் ஒதுங்கியது. கையில் சக்கரம் இருந்தது. சுக்கான் யார் கையிலும் இல்லை.

வானத்தில் இதன் உடன்பிறப்பு 2013 ஜூலை 6, சான் பிரான்சிஸ்கோ. தெளிவான பகல். சரிவைக் காட்டும் கற்றை அன்று நிறுத்தப்பட்டிருந்தது. ஆசியானா நிறுவனத்தின் போயிங் 777ஐ விமானி கையால் இறக்கினார். வேகத்தை மட்டும் கருவி பார்த்துக்கொள்ளும் என்று நம்பினார். அவரே முன்னால் அழுத்திய ஒரு பட்டனால் கருவி அந்த வேலையை விட்டிருந்தது. வேகம் குறைந்துகொண்டே போனது. விமானத்தின் வால் கடல் ஓரத்துச் சுவரில் இடித்தது. 3 பேர் இறந்தார்கள். கப்பல் கேப்டன் தன் கையில் இருக்கிறது என்று நினைத்தார், இல்லை. விமானி கருவியின் கையில் இருக்கிறது என்று நினைத்தார், இல்லை.

அதனால்தான் பட்டனை அழுத்தியதும் அந்த ஒலி. அதனால்தான் விமானி அறையில் ஒருவர் ‘என் கட்டுப்பாட்டில்’ என்று சொல்ல, மற்றவர் ‘உங்கள் கட்டுப்பாட்டில்’ என்று வாய்விட்டுத் திரும்பச் சொல்லும் வழக்கம். பெரிய கப்பல்களுக்கும் உலக அளவில் விதி உண்டு: நெரிசலான, ஆபத்தான நீர்ப்பரப்பில் உடனே கைக்கு மாற முடியும்படி இருக்க வேண்டும்; மாற்றுவதை ஒரு பொறுப்பான அதிகாரி செய்ய வேண்டும் அல்லது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்; வெகுநேரம் கருவி ஓட்டிய பிறகு கைச்சுக்கானைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

நம் துறைமுகத்திலும் இதைப் பார்க்கலாம். ஒரு காலத்தில் தூத்துக்குடியில் கப்பல்கள் கரைக்கு வரவே முடியாது. கடல் ஆழமில்லை. வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய நாளிலும் பெரிய கப்பல்கள் மைல் கணக்கில் தள்ளி நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கையும் ஆளையும் ஏற்றி வரும். 1974இல் பெருந்துறைமுகமான பிறகு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு அலைதடுப்புச் சுவர்களுக்கு நடுவே கப்பல் உள்ளே வருகிறது. பைலட் ஏறும்போது அங்கே தானியங்கி வேலை செய்யாது. சக்கரத்தில் ஓர் ஆள் நிற்பார். பைலட் சக்கரத்தைத் தொடுவதில்லை. எத்தனை டிகிரி என்று சொல்வார். சக்கரம் பிடிப்பவர் அதையே சத்தமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் திருப்புவார். திருப்பி முடித்ததும் மறுபடி சொல்வார். வெளியாள் கேட்டால் கிளிப்பிள்ளை மாதிரி இருக்கும். அந்த இடைவெளியை அடைக்கத்தான் அவ்வளவு சத்தமும்.

இந்தக் கரையின் முத்துக்குளிப்பிலும் இதே கணக்குதான். கல்லைப் பிடித்துக்கொண்டு குளியாள் ‘பார்’ கிடக்கும் ஆழத்துக்கு இறங்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே இருப்பவர் கயிற்றை இழுத்த நொடியில் அவர் உயிர் மேலே இருப்பவர் கைக்கு மாறுகிறது. கயிறு பிடிக்க மச்சானைத்தான் வைப்பார்கள், தங்கச்சி தாலிக்காகவாவது அவன் கண் அசர மாட்டான் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. உண்மையோ பொய்யோ, எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். 1961க்குப் பிறகு பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. பேச்சு மட்டும் மிச்சம்.

*

நாலு நாள் கழித்து மாமாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே கேட்டேன்: “தோணியில ராத்திரி வேற ஆளு சுக்கான் பிடிப்பாங்கல்லா, நீங்க எப்ப கைக்கு வாங்குவீங்க?”

“வாங்கணும்னு தோணும்போது வாங்குனா பிந்திப் போச்சுன்னு அர்த்தம்லே” என்றார். “பாண்டியன் தீவு வெளக்கு தெரிஞ்சதுமே எந்திரிச்சுப் பக்கத்துல போயி நின்னுக்கிடுவேன். ஒண்ணும் பேச மாட்டேன். அவன் எப்பிடித் திருப்புதான், அது எப்பிடிக் கேக்குதுன்னு பாத்துக்கிட்டே நிப்பேன். காத்து என்ன, நீரோட்டம் என்னன்னு உடம்புக்குத் தெரியணும்லா. பெறவுதான் வாங்குவேன்.”

விமானிகளும் அதையேதான் செய்கிறார்கள். இறங்கும்போது கருவி ஓட்டிக்கொண்டிருந்தாலும், ஓட்ட வேண்டியவர் கை பிடியின் மேல் இருக்கும். பட்டனை அழுத்துகிற நொடியில் அவர் புதிதாக உள்ளே வரவில்லை. ஏற்கெனவே கூடவே வந்துகொண்டிருந்தவர்.

ஆனால் இதற்குப் பழக்கம் வேண்டும். 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்குக்கு மேலே ராத்திரியில் வேகம் அளக்கும் குழாய்களில் பனி அடைத்து, ஏர் பிரான்ஸ் 447இன் தானியங்கி சட்டென்று விட்டது. கூட வராத கைகளுக்கு விமானம் வந்து விழுந்தது. 228 பேரும் போனார்கள். 2013 ஜனவரியில் அமெரிக்க விமானத் துறை, வாய்ப்பு கிடைக்கும்போதெல்லாம் விமானிகளைக் கையால் ஓட்ட விடுங்கள் என்று நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. பயன்படுத்தாத கை மறந்துவிடும் என்பதை ஓர் அரசுத் துறை எழுத்தில் ஒப்புக்கொண்டதாகத்தான் அதை நான் படிக்கிறேன். பாயும் காற்றும் மட்டும் வைத்துக் கொழும்புக்குப் போன கைகள் இந்த ஊரில் இப்போது எத்தனை மிச்சம் இருக்கும் என்று நினைத்தால் அது எவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்று தெரிகிறது.

2025 ஜூலை 26 அன்று வாகைக்குளத்தில் புது முனையக் கட்டடத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். ஓடுபாதை 1350 மீட்டரிலிருந்து 3115 மீட்டராகிறது. ஏர்பஸ் 321 இறங்கலாம். தானாகத் தரையிறங்கத் தெரிந்த விமானங்கள் இனி இந்த ஊருக்கு வரும். ஆனாலும் ஆடிக் காற்று அடிக்கிற மத்தியானங்களில் அவற்றையும் யாரோ கையால்தான் இறக்கப் போகிறார்கள்.

ஓடுபாதையின் நீளத்தை மாமாவிடம் சொன்னேன். “நல்லதுதான்” என்றார். “எடம் கெடக்குன்னு பைலட்டு மெத்தனமா இருந்துறாம.”